ஜீப் போட்ட தடம்

தம்பி,

நலம் விசாரித்துத் தொடங்க மனம் வரவில்லை. நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே உன் அம்மா நன்றாக இல்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மாதாமாதம் முதுகில் போட வேண்டிய ஊசியைப் போன மாதம் போடவில்லை. இந்த மாதமும் போக முடியாது போலிருக்கிறது. ஊசி தவறினால் கால்கள் மெல்ல மெல்ல மரத்துப்போகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். இடது காலில் அது தொடங்கிவிட்டது. நேற்று அவள் பாதத்தில் எறும்பு ஊர்ந்ததை உன் தங்கைதான் பார்த்துத் தட்டிவிட்டாள். அம்மாவுக்குத் தெரியவே இல்லை. அவளைப் படுக்கவைத்துப் பாண்டிச்சேரி வரை கொண்டுபோகக்கூடிய வண்டி எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது. அது உன்னிடம் மெட்ராஸில் நிற்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதற்கு முன் எழுதிய கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. அதனால் இதைக் கோயில் மாத இதழுக்குக் கொடுக்கலாம் என்று உன் தங்கை சொன்னாள். "வெளியூர்ல இருக்குற நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் அதை வாங்குறாங்கப்பா. அண்ணன் படிக்கலன்னாலும் படிச்சவங்க யாராவது அண்ணன்கிட்ட சொல்லுவாங்க" என்றாள். வீட்டு விஷயத்தை ஊர் படிப்பதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு யோசித்தேன். உன்னை நான் அவமானப்படுத்தியது ஊர் பார்க்கத்தானே? உன்னிடம் கெஞ்சுவதையும் ஊர் பார்க்கட்டும். ஸ்டியரிங் பிடித்தே பழகிய கைக்குப் பேனா பிடிபடவில்லை. ஆகையால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டாள். நூலகத்தில் அவள் படிக்காத புத்தகம் இல்லை என்று அங்கே இருப்பவரே சொல்கிறார். நான் பேச்சுவாக்கில் சொல்வதை நல்ல தமிழாக்கிக்கொண்டே போகிறாள். உன் வண்டியை நான் 'சோபா செட்டு' என்று சொன்னேன். அவள் 'சொகுசு வண்டி' என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு, நான் அன்றைக்கு என்ன சொன்னேனோ அதையே எழுதச் சொன்னேன்.

நம் ஜீப் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்காது. எழுபதுகளின் தொடக்கம். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிது. ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை ஏலத்தில் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் திருமலைராயன்பட்டினத்துக் கமால் பாயும் போனோம். ஆளுக்கொன்றாக ஓட்டிக்கொண்டு வந்தோம். கதவு கிடையாது. தலைக்கு மேல் தார்ப்பாய். உட்கார, தகரத்தின் மேல் ஒரு தேங்காய்நார் மெத்தை. ஆனால் கியருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு லிவர் இருந்ததே, அதை இழுத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். அந்த லிவர் விழும்போது 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். பூசைமணி கேட்டவன் மாதிரி நான் நிமிர்ந்து உட்காருவேன். அதுதான் நம் சோறு. காலையில் ஐஸ் ஏற்றிக்கொண்டு திருவேட்டக்குடி கடற்கரைக்குப் போவேன். படகுகள் கரையேறியதும் மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்கு வருவேன். மணலில் இறங்குவதற்கு முன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவோம். டயர் வாத்தின் கால்போல அகன்றுகொள்ளும், மணலில் புதையாது. தார் ரோட்டுக்கு ஏறியதும் கைப் பம்பால் மறுபடி அடிப்போம். லாரிக்காரர்கள் மேட்டிலேயே நின்று பெட்டிகளைத் தலைச்சுமையாக வாங்கிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் அலை நனைக்கும் இடம்வரை ஓட்டிக்கொண்டு போவோம். அதில் எனக்கு எத்தனை கர்வம் என்று உனக்குத் தெரியும். உனக்கும் இருந்தது. வெயிலில் காய்ந்த பானெட்டின் மேல் படுத்துத் தூங்கியவன் நீ.

வெள்ளம் வந்த வருஷத்தைச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. நெடுங்காட்டுப் பக்கம் வாய்க்கால்கள் உடைந்து ரோடு எது வயல் எது என்று தெரியாமல் கிடந்தது. அதிகாரிகளின் கார்களெல்லாம் தார் ரோட்டின் முனையில் வரிசையாக நின்றன. உள்ளே போனது நம் ஜீப்பும் கமால் பாய் ஜீப்பும் மட்டும்தான். இடுப்பளவுத் தண்ணீரில், கார்பரேட்டருக்கு மேல் சாக்கைப் போர்த்தி, பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த பெண்ணை நாங்கள் வெளியே கொண்டுவந்தோம். அந்தப் பெண்ணின் மாமியார் ஜீப்பின் முகப்பில் சந்தனம் பூசிக் கும்பிட்டாள். அன்றைக்கு என் தலைக்கு ஏறியது இறங்கவே இல்லை, தம்பி. அதற்குப் பிறகு நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இது நெடுங்காட்டுத் தண்ணீரில் இறங்குமா? வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கமால் பாய் ஒரு வார்த்தை சொல்வார், நீயே கேட்டிருப்பாய். "முதுகு குலுங்கலன்னா அது என்னா வண்டி அண்ணே? தொட்டிலு!" அதைக் கேட்டு நான் சிரிப்பேன். பின்னால் மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த உன் அம்மாவும் சிரிப்பாள்.

அவள் அந்த ஜீப்பில் எத்தனை வருஷம் குலுங்கினாள் என்று இப்போதுதான் யோசித்துப் பார்க்கிறேன். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கு, சந்தைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். சாக்கை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள். அவள் பிடித்துக்கொள்ளும் கம்பியில் அவள் கை பட்ட இடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கிறது. ஒரேயொரு தரம், உன் தங்கை வயிற்றில் இருந்தபோது, "கொஞ்சம் மெதுவாப் போங்களேன்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வண்டி மெதுவாப் போனாத்தான் அதிகமாக் குலுக்கும். வேகமாப் போனா குழிக்கு மேலயே பறந்துடும்" என்றேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ஜீப் ஓட்டுகிறவன் எவனைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வான், நாங்கள் உண்மையிலேயே அப்படித்தான் நம்பினோம். அவள் மறுபடி கேட்கவில்லை. உனக்கும் வீடு, பெண்டாட்டி என்று வரும்போது இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். வண்டியில் இருப்பவர் மெதுவாகப் போ என்றால் மெதுவாகப் போ. வண்டியின் குணத்தை அவருக்கு விளக்கிக்கொண்டிருக்காதே.

முதுகெலும்பின் படத்தைப் பார்த்துவிட்டு, பாண்டிச்சேரி டாக்டர் கேட்டார்: "வழக்கமா எந்த வண்டியில போவீங்கம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டாள். "பஸ்லதான் டாக்டர்." வெளியே மரத்தடியில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. இனி உட்கார்ந்து பயணம் செய்யக் கூடாது, குலுங்காத வண்டியில் படுக்கவைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்று அவர் சொன்னார். ஜீப்பால்தான் இப்படி ஆயிற்றா என்று பிறகு நான் தனியாகப் போய்க் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போதுதான் நீ அந்த வண்டியை வாங்கிவந்து, தார் ரோட்டு முனையில் நிறுத்தினாய். முகம் ஜீப்பைப் போலவே இருந்தது. உயரமான உடம்பு, தடித்த டயர், பின்கதவில் உபரிச் சக்கரம். உள்ளே கண்ணாடி ஜன்னல், வெல்வெட் சீட்டு, பாட்டுப் போட டேப். பின்சீட்டை மடக்கினால் கட்டில் மாதிரி நீளும் என்று காட்டினாய். வெள்ளை விரிப்புகூட விரித்து வைத்திருந்தாய். உன் தங்கை அதில் படுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இன்ஜின் ஓடுறதே தெரியல" என்று கூவினாள். நல்ல தகப்பன் என்றால் அந்த விரிப்பைப் பார்த்திருப்பான். நானும் கமால் பாயும் குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தோம். பாய்தான் முதலில் சிரித்தார். "அண்ணே, முன்சக்கரத்தை இழுக்க ஷாஃப்டே இல்ல! முறுக்கு மீசை மட்டும்தான் வச்சிருக்கு!" அங்கே அப்போது கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. நான் சொன்னேன்: "பாய், இது வண்டி இல்ல. சோபா செட்டு. இங்கேயே நிக்கட்டும், வீடு வரைக்கும்லாம் அது வராது." நீ தலையைக் குனிந்துகொண்டு, "வரும்பா" என்றாய். "எங்க, வரட்டும் பாப்போம்" என்றேன்.

தார் ரோட்டிலிருந்து நம் வீட்டுக்கு வரும் மண் தடத்தைப் பற்றி இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் சக்கரம் ஓடிய ஆழமான பள்ளம். நடுவில் புல் முளைத்த மேடு. ஜீப்புக்கு அடிவயிறு உயரம், அதற்கு அந்த மேடு ஒரு பொருட்டே இல்லை. உன் வண்டி பாதி வழியில் பள்ளத்தில் இறங்கி, மேட்டின் மேல் வயிறு உட்கார்ந்து, பின்சக்கரம் சேற்றில் சுழன்றுகொண்டே நின்றது. நீ இறங்கி வந்து நின்றாய். புதுச்சட்டையெல்லாம் சேறு. நான் உடனே வந்து கைகொடுத்திருக்கலாம். ஜீப்பை எடுத்துவந்து, எல்லோரும் பார்க்க லிவரை இழுத்து, உன் வண்டிக்குக் கயிறு கட்டினேன். "ஒத்துங்க, ஒத்துங்க, தொட்டிலு வருது!" என்று கமால் பாய் கூட்டத்தை விலக்கினார். தெருவே சிரித்தது. ஒரே இழுப்பில் வண்டி வந்தது, கூடவே முன் பம்பரும் கழன்று வந்தது. உன் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். நீ அப்போதும் கத்தவில்லை. "அப்பா, இது உங்களோட போட்டி போட வாங்கின வண்டி இல்ல. அம்மா படுத்துக்கிட்டுப் போக வாங்கினது" என்றாய். அதற்கு நான் சொன்ன பதிலை எழுத மாட்டேன் என்று உன் தங்கை பேனாவை மூடி வைத்துவிட்டாள். கடைசியில் இந்த அளவுக்கு மட்டும் எழுதச் சம்மதித்தாள்: படுத்துக்கொண்டே போகிறவர்களை எதில் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று சொன்னேன். அது அம்மா காதிலும் விழுந்தது. நீ பம்பரைத் தூக்கி, அந்த வெள்ளை விரிப்பின் மேல் போட்டுக்கொண்டு, அம்மாவைப் பார்க்காமலே புறப்பட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேள். ஜீப்பை மெத்தென்று ஆக்கப் பார்த்தேன். ஸ்பிரிங்கில் இருந்த பட்டைகளில் பாதியைக் கழற்றினேன். பாரம் தாங்கத்தானே அத்தனை பட்டை, அவள் ஒருத்தியின் எடை என்ன எடை என்று கணக்குப் போட்டேன். மணலுக்கு இறக்குவதுபோல டயரில் காற்றை இறக்கினேன். பின்னால் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டு அவளைப் படுக்கவைத்தேன். நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரன் எட்டிப் பார்த்து, "என்னா பெரியவரே, ஊர்கோலமா?" என்று திட்டிக்கொண்டு போனான். உன் அம்மா முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு கிடந்தாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சீர்காழி தாண்டியதும் ஸ்பிரிங் முறிந்தது. மீதி இருந்த பட்டைகளால் குழியைத் தாங்க முடியவில்லை. சத்தம் கேட்டதும் அவளும் கத்திவிட்டாள். அவளுடைய குரலை அத்தனை சத்தமாக நான் கேட்டதே இல்லை. புளியமரத்தடியில் மெத்தையோடு இறக்கிப் படுக்கவைத்தேன். ஊர்ப்பக்கம் போனவர்கள் தகவல் சொல்லி, கமால் பாய் தன் ஜீப்போடு வந்து சேர்ந்தார். உன் வண்டியை இழுத்த அதே கயிற்றால் என் வண்டியைக் கட்டினார். அம்மாவை அந்த வழியாக வந்த ஒரு புண்ணியவான் காரில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தார் ரோட்டிலிருந்து பாயும் நானும் தூக்கினோம். படுக்கையில் விட்டதும் சொன்னாள்: "இனிமே எங்கேயும் வேணாங்க. இப்படியே இருந்துடுறேன்."

நான் விடவில்லை. வாடகைக் கார் பேசினேன். மேட்டைப் பார்த்துவிட்டு டிரைவர் தார் ரோட்டிலேயே நின்றுகொண்டார். அதன் பின்சீட்டிலும் அவளால் காலை நீட்டிப் படுக்க முடியாது. ரோடு வரை கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்று அக்கம்பக்கத்து ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டேன். அவர்கள் கட்டிலைத் தோளில் ஏற்றியதும் அவள் அழ ஆரம்பித்தாள். "இறக்குங்க. அன்னிக்கு எம்புள்ளகிட்ட சொன்னதை இன்னிக்கு எனக்கே செய்றீங்களா?" என்றாள். நாலு பேரும் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்கள். இறக்கச் சொன்னேன். அதிலிருந்து தன்னை யாரும் தூக்கக் கூடாது என்கிறாள். வீட்டு வாசலுக்கே வண்டி வந்தால் ஏறுவேன் என்றுகூட அவள் சொல்லவில்லை. அப்படி அவள் நினைக்கிறாள் என்று நானும் உன் தங்கையும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் இப்போது நான் அந்த மேட்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன். மண்வெட்டியோடு இறங்கிய அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. அந்தப் பள்ளம் இரண்டும் என் ஜீப்பின் சக்கர அகலம். எந்த மாட்டுவண்டியும் போடாத தடம் அது. இருபது வருஷமாக மழையிலும் சேற்றிலும் லிவரை இழுத்து இழுத்து நானே தோண்டிய பள்ளம். நடுவில் மேடாக நின்றது, நான் தொடாமல் விட்ட மண். உன் வண்டியை மறித்தது வேறு எதுவும் இல்லை, தம்பி. கயிறு கட்டுவதற்காக உன் வண்டிக்கு அடியில் படுத்தேன் அல்லவா, அதன் அடிவயிறு ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவான உயரம். அந்த உயரத்துக்கு ஒரு குச்சி வெட்டி உன் தங்கையிடம் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தடம் முழுக்கக் குச்சியை நிறுத்திக்கொண்டே நடக்கிறாள். "இங்க இடிக்குதுப்பா" என்கிறாள், நான் வெட்டுகிறேன். கமால் பாயும் சில நாள் மண்வெட்டியோடு வந்துவிடுகிறார். "நான் வந்து போனதும் இதே தடம்தானே அண்ணே" என்றார். போகிறவர்கள் கேட்கிறார்கள், "என்னா மாமா, ஜீப்புக்கா ரோடு போடுறீங்க?" என்று. ஜீப்புக்கு எதற்கடா ரோடு என்று முன்பெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன்.

ஆனால் இது ஐப்பசி. பகலெல்லாம் வெட்டிப் பள்ளத்தில் நிரப்பிய மண்ணை மழை ஒரே இரைச்சலில் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. காலையில் எழுந்து பார்த்தால் இரண்டு பள்ளத்திலும் தண்ணீர் நிற்கிறது, மேடு பழையபடி தலைதூக்கியிருக்கிறது. கடற்கரையிலிருந்து கிளிஞ்சல் கொண்டுவந்து கொட்டிப் பார்க்கிறேன். சாக்கில் கட்டித் தலையில்தான் சுமக்கிறேன். ஜீப்பை எடுக்கவில்லை. ஸ்பிரிங் முறிந்தபடி அது வேலியோரம் சாய்ந்து நிற்கிறது. பழுது பார்க்க ஆள் இருக்கிறது, பட்டைகளும் வீட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அது ஒருமுறை ஓடினால் தடம் மறுபடியும் விழும். அதனால் அதைத் தொடாமல் விட்டிருக்கிறேன். விலைக்குக் கேட்டவர்களுக்குக்கூட, எடுத்துப் போனால் தடம் கெடும் என்று கொடுக்கவில்லை.

நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் வந்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். வந்திருக்க மாட்டேன். நான் அப்படிப்பட்டவன்தான், நீ என் மகன்தானே. இதை எழுதும்போது உன் தங்கை, "அண்ணன் உங்கள மாதிரி இல்லப்பா" என்கிறாள். அவள் சொல்வது பலிக்கட்டும். வந்தால் என்னிடம் பேச வேண்டும் என்று இல்லை. நான் கமால் பாய் வீட்டுக்குப் போய்விடுகிறேன். அம்மாவை ஏற்றிக்கொண்டு போய், ஊசி போட்டுக் கொண்டுவந்து விட்டுவிடு. தார் ரோட்டில் நின்று ஹாரன் மட்டும் அடித்துவிட்டுத் திரும்பிப் போகாதே. தடத்தில் கிளிஞ்சல் போட்ட இடமாகப் பார்த்து ஓட்டு. வண்டி மேட்டில் உட்கார்ந்துவிட்டால் இந்த முறை நான் கயிறு எடுக்க மாட்டேன். ஓடி வந்து, மண்வெட்டியால் அடியிலிருந்து மண்ணை எடுத்து, வண்டியைத் தள்ளிவிடுவேன்.

முன்பெல்லாம் நம் ஜீப் வாய்க்கால் மதகில் திரும்பும்போதே அம்மாவுக்குச் சத்தம் கேட்டுவிடும். அடுப்படியில் இருந்தபடியே சோற்றை வடிக்க ஆரம்பிப்பாள். நான் உள்ளே நுழையும்போது தட்டில் சோறு இருக்கும். ஒருநாளும் வாசலுக்கு வந்து வழிபார்த்தவள் இல்லை. இப்போது கட்டிலை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறாள். படுத்தபடி காலை முதல் இருட்டும்வரை தடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண் வலிக்கும், கொஞ்சம் மூடிக்கொள், வண்டி வந்தால் சத்தம் கேட்காதா என்று நேற்றுக் கேட்டேன்.

"அவன் வண்டியில சத்தமே வராதுங்க. பாத்துக்கிட்டேதான் இருக்கணும்" என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா